ஆர்விட் பெயருக்கு ஒரு மணி

என் கணவர் ஆர்விட் வேலைக்குப் போன சரக்குக் கப்பல், கடல் மாதிரி விரிந்த சுப்பீரியர் ஏரியில் புயலில் மூழ்கி முப்பது வருஷமாகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் தேவாலயத்தில், அந்தக் கப்பலோடு இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஆளுக்கு ஒரு மணி அடிப்பார்கள். ஆர்விட் பெயருக்கு மணி அடிக்கும்போது மட்டும் பின்வரிசையில் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுவாள்.

"பொண்டாட்டி நீயா, அவளாடி?" என்பாள் என் அக்கா லெம்பி.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடுப்பில் வீட்டிலிருந்த மனுஷன் அன்று திடீரென்று கப்பலேறியது இவளைப் பார்க்கத்தானோ? அவளுடைய புருஷன் உள்ளே வராமல் காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஒன்றும் தெரியாத அப்பாவி என்று அவருக்காக வேறு இரக்கப்பட்டேன்.

இந்த வருஷம் பொறுக்க முடியவில்லை. அவரும் கேட்கட்டும் என்று கார் பக்கத்திலேயே அவளை மடக்கினேன்.

"என் புருஷனுக்கும் உனக்கும் என்னடி சம்பந்தம்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் அவரைப் பார்த்ததே இல்லைங்க. அன்னிக்குக் கப்பல்ல போக வேண்டியது எங்க வீட்டுக்காரர். காய்ச்சல்ல படுத்துட்டார். அவருக்குப் பதிலாத்தான் உங்க வீட்டுக்காரரை அவசரமாக் கூப்பிட்டாங்க. அந்த மணிச் சத்தத்தைக் கேக்க இவருக்குத் தைரியம் இல்ல. அதான் நான் வர்றேன்."

கிழவர் காரிலிருந்து இறங்கினார். என் முகத்தைப் பார்க்காமல், பனி விழுகிறதென்று அவள் கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றிவிட்டார்.

அப்போது பட்டதற்கு முன்னால், அதுவரை நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை.