இருபத்தேழாம் நம்பர்

“ஆள் மாறி ஊசி போட்டு உயிர் போச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று டீச்சர் கத்தினாள்.  லேப்டாப் திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தன.

நர்சிங் மாணவிகளுக்கு நோயாளி பாதுகாப்பைப் பற்றி தினமும் காலையில் ஆன்லைன் வகுப்பு. மூன்று மாதமாகச் செவிடன் காதில் சங்கு ஊதியதில் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கேமரா போடச் சொன்னால் நெட் இல்லை, மைக் போடச் சொன்னால் போன் சரியில்லை.

“பெட் நம்பரைப் பார்த்து ஊசி போடாதீங்க, பெட் மாறும். பேரைக் கேளுங்க, கைப்பட்டையில இருக்கிற பேரைப் பாருங்க. எப்படிக் கேப்பீங்க?”

வருகைப் பட்டியலின் இருபத்தேழாம் நம்பர் மட்டும் சாட்டில் எழுதியது: ‘நீங்கதானே இன்னார்னு கேட்டா, காது கேக்காதவங்க எல்லாத்துக்கும் தலையாட்டுவாங்க மேடம். உங்க பேரு என்னன்னு கேக்கணும்.’

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வார்டு வாசலை மிதிக்காத பெண்ணுக்கு இது எப்படித் தெரிந்தது? வருகை எடுக்கும்போது ‘உள்ளேன் மேடம்’ என்று முதலில் வந்து விழுவதும் அவளுடையதுதான். இந்த ஒருத்திக்காகவாவது கத்தலாம்.

செய்முறைத் தேர்வு ஆஸ்பத்திரி வார்டில் நடந்தது. காலையிலிருந்து நின்று டீச்சருக்குக் கால் வீங்கிவிட்டது. இருபத்தாறு பேரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாகிவிட்டது. மதியம் இரண்டரைக்கு இருபத்தேழாவது பெண் வந்தாள்.

“நீயாம்மா? உனக்கெல்லாம் நான் எதுக்கு?” என்று சுவரில் சாய்ந்த டீச்சர், அப்படியே கண்ணை மூடினாள்.

அந்தப் பெண் இன்சுலின் ஊசியோடு நாலாம் கட்டிலுக்குப் போனாள். “நீங்கதானேம்மா சுகர் பேஷண்ட்?”

படுத்திருந்த அம்மாள் தலையாட்டினாள்.

“நிறுத்து! போடாதே!”

தரை துடைத்துக்கொண்டிருந்தவர் மாப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, ஊசி பிடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டார். “சாப்பாட்டுக்கு அப்புறம் ஜன்னல் காத்துக்காக இவங்களும் பக்கத்து பெட் சுகர் அம்மாவும் பெட்டை மாத்திக்கிட்டாங்க. இவங்களுக்குக் காது கேக்காது. கைப்பட்டையைப் பாரு.”

டீச்சர் பதறிப்போய்க் கைப்பட்டையைப் படித்தாள். வேறு பெயர். சர்க்கரையே இல்லாத உடம்பில் இன்சுலின் இறங்கியிருக்கும், பாடம் நடத்தியவளே கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பாள்.  பயம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை.

“கிளாஸ்ல அவ்வளவு அழகா எழுதினியேடி! எல்லாம் மறந்துபோச்சா?”

“நான் ஒரு கிளாஸ்கூடக் கேக்கல மேடம்,” பெண் விக்கி விக்கி அழுதாள். “காலையில கடை வேலைக்குப் போயிடுவேன்.”

“அப்ப, இருபத்தேழுன்னு மூணு மாசமா பதில் எழுதினது யாரு?”

தரை துடைப்பவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“நான் இவளோட அப்பா. உள்ளேன், மேடம்.”