சுவர்ப் பக்கம்

இன்றும் முதுகைத்தான் பார்த்தாள்.

ஐந்தாம் நாள். காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் ஐ.சி.யூ.வுக்குள் விடுவார்கள்.

தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மழித்த தலையில் வெள்ளைக் கட்டு. வாயிலிருந்து மிஷினுக்கு ஒரு குழாய். முகம் சுவர்ப் பக்கம். சுற்றிப் போய்ப் பார்க்கலாமென்றால், மிஷின்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தன.

“சிஸ்டர், கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் திருப்பக் கூடாதா? முகத்தப் பாத்துட்டுப் போயிடுறேன்.”

“வலப்பக்க நுரையீரல்ல சளி கட்டியிருக்குக்கா. இப்படிப் படுத்தாத்தான் ஆக்சிஜன் ஏறுது.”

நர்ஸ் ஜெபராணி அவர் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள். கழுத்து கோணாமல் நேராக்கினாள்.

சரி என்று அவள் தலையாட்டினாள். மனசு ஆறவில்லை.

இந்த முதுகு அவளுக்குப் புதிதில்லை.

சத்தம் போடத் தெரியாத மனுஷன். கோபம் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவள் அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பந்திக்கு யாரும் கூப்பிடவில்லை என்று மூன்று நாள். புதுச் சட்டை எடுப்பாக இல்லை என்று அவள் வாய்தவறிச் சொன்னதற்கு ஒரு நாள். பத்தொன்பது வருடமாக ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

கடைசிச் சண்டையை ஆரம்பித்தது அவள்தான்.

ஸ்கூட்டர் பெட்டிக்குள் தலைவலி மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி. மூன்று மாதமாக வலி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தித் தீர்த்துவிட்டாள்.

“அப்ப நான் எதுக்கு இந்த வீட்டுல இருக்கேன்?”

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்ததும் குளியலறையில் விழுந்தார். மூளையில் கட்டி என்றார்கள். அன்றைக்கே அறுவை சிகிச்சை.

அதற்குப் பிறகு அவர் சொந்தமாக ஒரு மூச்சுகூட எடுக்கவில்லை. மிஷின்தான் நிமிடத்துக்குப் பதினான்கு கொடுக்கிறது. தானாக ஒன்று எடுக்கட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் நேற்றுச் சொன்னார்.

தோள் ஏறியது. இறங்கியது.

எல்லாம் ஒரே அளவு. தைத்துக்கொண்டு போவது போல. இது அவருடையதில்லை.

அவருடையது அவளுக்குத் தெரியும். கோபத்தில் தூங்குகிற மாதிரி நடிப்பார். பாவம், நடிக்க வராது. அவள் முதுகில் கை வைத்ததும் தாளம் தப்பிக் குட்டியாக ஒரு மூச்சு இழுத்துவிடுவார். அதிலேயே மாட்டிக்கொள்வார்.

கை வைத்தாள். தோள்பட்டைக்குக் கீழே, எப்போதும் வைக்கிற இடத்தில்.

ஏறியது. இறங்கியது.

ஏறியது. இறங்கியது.

குனிந்தாள்.

“நான் கத்துனது தப்புதாங்க.”

ஏறியது.

இறங்கியது.

அடுத்தது வருவதற்குள், குட்டியாக ஒன்று.

அவள் கையை எடுக்கவில்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“சிஸ்டர், இவர் தூங்கல. நடிக்கிறாரு.”

நேரமாகிவிட்டது என்று சொல்லத்தான் ஜெபராணி வந்திருந்தாள். இப்படிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்தவள். பரிதாபத்தோடு அவள் தோளைத் தொட்டாள். போகிற போக்கில், பழக்கத்தில், மூச்சு மிஷினின் திரையைப் பார்த்தாள்.

பதினைந்து.