ஸ்பைசர் க்ரீக்கில் ஓர் இடம்

கூடாரத்தின் கடைசி முளையை மட்டும் ரெட்டா பிடுங்காமல் வைத்திருந்தாள்.

பிடுங்கிவிட்டால் கிளம்பியாக வேண்டும். இந்த மாநிலப் பூங்காவில் ஒரு பெயருக்கு இரண்டு வாரம்தான் கூடாரம் போடலாம். அவளுடைய இரண்டு வாரம் இன்று மதியத்தோடு முடிகிறது.

காலையில் பூங்காக் காவல் ரேஞ்சர் ஹோபர்ட் வண்டியை நிறுத்தி, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போனார்.

"மூணு நாள் லீவு சேர்ந்தாப்புல வருது, ரெட்டா. ஓசார்க் மலைப்பக்கம் முழுக்க எல்லா பார்க்கும் ஃபுல்லு. ஸ்பைசர் க்ரீக்ல மட்டும் ஒரே ஒரு இடம் காலியாம். அங்க புக்கிங் கிடையாது, முதல்ல போறவங்களுக்குத்தான். மத்தியானத்துக்கு மேல உங்க கூடாரம் இங்க நின்னா எனக்குத்தான் திட்டு விழும்."

ஸ்பைசர் க்ரீக் நல்ல இடம்தான். ஆனால் மகள் ஜோசியின் பள்ளிப் பேருந்து அங்கே வராது. வேறு பள்ளிக்கூடம் என்றால் எடுத்த எடுப்பில் முகவரி கேட்பார்கள். எந்த மரத்தைக் காட்டுவாள்?

காரிலேயே படுத்துக்கொள்ளவும் முடியாது. போன மாதம் ஒரு கடை வாசலில் அப்படிப் படுத்திருந்தபோது போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். இன்னொரு முறை பார்த்தால் பிள்ளையை அழைத்துப் போக அரசாங்கத்து ஆள் வரும் என்று பதமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவள் காரில் படுக்கவே இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. வேறு யாராவது இந்த இடத்தைத் தங்கள் பெயரில் எடுத்துக்கொண்டால், அவர்களுடைய விருந்தாளியாக ஒட்டிக்கொள்ளலாம்.

பக்கத்து இடத்துக் கோரின் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. காரில் கட்டி இழுத்துவந்த, வெள்ளியாகப் பளபளக்கும் டிரெய்லர் வீடு, வாசலில் மிதியடி, சரவிளக்கு, தொட்டியில் ஜெரேனியம் செடி. ஊர் சுற்ற வருகிறவள் பூந்தொட்டியையும் தூக்கிக்கொண்டா வருவாள், எல்லாம் பணம் படுத்தும் பாடு என்று ரெட்டா நினைத்திருந்தாள். புருஷன் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினான். கோல்ஃப் ஆடத்தான் என்று இவளே முடிவு கட்டியிருந்தாள்.

அந்த டிரெய்லர்க்காரியிடம்தான் இப்போது கையேந்த வேண்டும். விடிந்ததிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை ரெட்டா மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் வரவில்லை.

கோரினே இரண்டு கோப்பைக் காபியுடன் வந்தாள்.

"நீங்க நிறைய பார்க் சுத்தினவங்க போலருக்கு. கூடாரம் போட எதெது நல்லாருக்கும், சொல்லுங்களேன்."

ரெட்டாவுக்குத் தெரியாத பூங்காவா? பேர் ராக்கில் அருவி பிரமாதம் என்றாள். அருவியை அவள் பார்த்ததே இல்லை, அங்கே குளியலறையில் வெந்நீர் வரும் என்பதுதான் தெரியும். மியூல் ரிட்ஜில் சூரிய உதயம் மனதை அள்ளிக்கொண்டு போகும் என்றாள். அங்கே போனில் சிக்னல் கிடைக்காமல்தான் அவளுடைய உணவகத்து வேலை போனது. ஹெரன் லேக்கில் படகு விடலாம் என்றாள்.

ஸ்பைசர் க்ரீக்கை மட்டும் சொல்லவில்லை.

இப்போது கேட்டுவிட வேண்டியதுதான் என்று காபியை ஒரு வாய் விழுங்கினாள். அதற்குள் கோரின் முந்திக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"இதுல எது ஜனவரியிலயும் தண்ணிய நிறுத்தாம திறந்திருக்கும்?"

ஊர் சுற்ற வந்தவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. ரெட்டா அந்த ஜெரேனியத்தைப் பார்த்தாள்.

"இந்த இடத்துக்கு வர்றதுக்கு முந்தி இதே பார்க்குல ஏரிப் பக்கம் இருந்தோம்," என்றாள் கோரின். " அவர் பேரும் தீர்ந்துபோச்சு, என் பேரும் தீர்ந்துபோச்சு. இன்னைக்கு மத்தியானம் காலி பண்ணணும். அவரு இன்னைக்கும் ஒரு இன்டர்வியூக்குத்தான் போயிருக்காரு. அவர் வர்றதுக்குள்ள ஒரு இடம் பாத்து வச்சா தேவலை."

பாவமாக இருந்தது. தன்னைப் பார்த்தே பாவப்படுவது போல இருந்தது. ஸ்பைசர் க்ரீக்கில் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் வரும். பெயர் நாக்கு நுனியில் நின்றது.

இருப்பது ஒரே ஒரு இடம், இனி அவளுக்கும் அதுதான். கண்ணாடியைத் தட்டிய அந்த விரல்.

"தெரியலங்க," என்றாள் ரெட்டா. "எல்லாத்துலயும் நிறுத்திடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

குனிந்து கடைசி முளையைப் பிடுங்கினாள். கூடாரம் சரிந்தது. அவசர அவசரமாக அள்ளிச் சுருட்டினாள், துணி நழுவி நழுவி விழுந்தது.

கோரின் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒத்தையா மடிச்சா நேரமாகும், இப்படிக் குடுங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு நீங்க முதல்ல கிளம்புங்க."