வலப்பக்கத்து இடம்

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது உண்மையா, இல்லையா? அதை மட்டும் சொல்லும்மா."

பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டுத் தொட்டியின் வலைக்கு அந்தப் பக்கமிருந்து பங்குச் சாமியாரின் குரல் கறாராக வந்தது. இந்தப் பக்கம் முழங்காலில் இருந்த செசிலியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"உண்மைதான் சாமி."

மயிலாப்பூர் சுவர்களில் எல்லாம் சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து வைத்திருந்த காலம் அது. அதை வாராவாரம் பிரசங்கத்தில் திட்டித் திட்டியே சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நாலு பிரசவமும் கண்டம் சாமி. இன்னொண்ணு வந்தா உசுருக்கு உத்தரவாதம் இல்லேன்னு டாக்டரம்மா கையை விரிச்சிட்டாங்க. ஆபரேஷன் வேணும்னு நான்தான் பிடிவாதமா நின்னேன்."

"தெரியும். உன் வீட்டுக்காரர் போன வாரம் என்கிட்ட வந்து அழுதாரு. 'எவ்வளவோ தடுத்தேன், என் பேச்சைக் கேக்காம அவ பண்ணிக்கிட்டா சாமி'ன்னாரு. கோயில் சபைக்குக் காரியதரிசியா இருக்கிற மனுஷன். பொம்பளை அடங்கி இருந்தா அவருக்கு இந்தத் தலைகுனிவு வருமா?"

"அவரா சொன்னாரு? சாமி, அவரு வந்து..."

"நிறுத்து. இங்கே உன் பாவத்தை மட்டும் சொல்லு. அடுத்தவங்க பாவத்தைச் சொல்லக் கூடாதுன்னு சின்ன வயசிலேயே படிச்சிருப்பே இல்லே?"

படித்திருந்தாள்.

"செஞ்சதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுநாள் மகள் ஜெசிந்தாவுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குகிற பிள்ளைக்கு வலப்பக்கம் அம்மாவும் இடப்பக்கம் அப்பாவும் முழங்காலிட்டுக் கூடவே வாங்குவது அந்தக் கோயில் வழக்கம். பாவமன்னிப்புக் கிடைக்காதவள் அங்கே போய் நாக்கை நீட்ட முடியாது. ஆனால் இந்தத் தொட்டிக்குள் வந்து எப்படிப் பொய் சொல்வது?

"புள்ளைங்களோட உசுரோட இருக்கேனேன்னு சந்தோஷமாத்தான் இருக்கு சாமி. மனஸ்தாபம் வரமாட்டேங்குது. நாளைக்கு ஒரு நாளைக்காவது மன்னிப்பு குடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

வலையின் சின்னக் கதவு சாத்திக்கொண்டது.

கச்சேரி ரோடு நெடுக அழுதுகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தாள். நடையில் புருஷனின் சைக்கிள் தூசி படிந்து நின்றது. இரண்டு வாரமாக இன்னாசிமுத்து ஆபீசுக்குப் பஸ்ஸில்தான் போகிறார்.

"சாமியார்கிட்ட நீங்க சொன்னது நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

இன்னாசிமுத்து கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. எவனோ காதுல போட்டிருக்கான். அவரு கேக்கறாரு, நான் என்ன பண்ணட்டும்?"

"இப்பவே போய் ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பொண்ணு பக்கத்துல நான் இருக்கணும்."

"நான் போய்ச் சொல்லிட்டு, சபையில எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்? நாளைக்கு ஒரு வேளை நீ பெஞ்சுல உக்காந்தா வானம் இடிஞ்சு விழுந்துடாது. அதான் பொண்ணு கூட நான் போறேனே!"

இந்த மாதிரி மனிதர்களுக்கு வானம் என்றைக்கு இடிந்து விழுந்திருக்கிறது?

காலையில் ஜெசிந்தா வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாகத் தயாராகிவிட்டாள். "அம்மா, நீ வலப்பக்கம். ஞாபகம் வெச்சுக்கோ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

செசிலியா கடைசிப் பெஞ்சில், பக்கவாசலை ஒட்டி உட்கார்ந்தாள். வாசலுக்கு வெளியே பக்கத்துப் போர்ஷன் ஜமீலுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தாவை வெள்ளை உடுப்பில் பார்த்தே தீருவேன் என்று வந்திருந்தாள். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ரிக்‌ஷா மிதித்தது அவள் புருஷன் நூர் முஹம்மதுதான்.

மணி அடித்தது. குடும்பம் குடும்பமாக எழுந்து முன்னால் போனார்கள். இன்னாசிமுத்து கைகளைக் குவித்து, தலையைத் தாழ்த்தி, மகளோடு பீடத்துக் கிராதிக்குப் போனார். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த செசிலியாவை இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்து ஒருத்தி காதில் ஒருத்தி ஏதோ சொன்னார்கள்.

கிராதியில் முழங்காலிட்ட ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள். வலப்பக்கத்து இடம் காலியாக இருந்தது. 'வா' என்று சின்னக் கையை ஆட்டினாள். இன்னொரு தரம் ஆட்டினாள். செசிலியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

சாமியார் நற்கருணைப் பாத்திரத்தோடு இறங்கி வந்து இன்னாசிமுத்துவின் முன்னால் நின்றார். கோயிலில் ஒரு சத்தம் இல்லை. இன்னாசிமுத்து கண்ணை மூடி நாக்கை நீட்டினார்.

கோயிலில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ஜமீலுன்னிசாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"இன்னாக்கா, நீ மட்டும் இங்க குந்திக்கினு கீறே? ஆபரேஷன் பண்ணிக்கினது அண்ணன்தானே!"