நாவூறுக்கு நிறமில்லை

குழந்தையின் உடம்பில் நீலம் கண்டால் அது நாவூறு, கண்பட்ட தோஷம், என்று யாழ்ப்பாணக் குடாநாட்டில் நம்புகிறார்கள். மிகுந்த பொறுப்புணர்வோடு இதைத் திருத்தவேண்டியிருக்கிறது: நாவூறுக்கு நிறம் கிடையாது.

ஆனால் வல்வெட்டித்துறைத் தில்லைநாதரிடம் இதை யார் சொல்வது? பேரனின் தொடையில் நீலத்தைக் கண்டதும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டவரே அவர்தான்.

இன்று பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவு, பிறப்புத் தீட்டைக் கழிக்கும் சடங்கு. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை வழிக்கவேண்டும்.

தாய்மாமன் றஜிந்தன், தில்லைநாதரின் மகன், வவுனியாவில் கந்தோரில் மேசை வேலை. காலை பஸ்ஸில்தான் வந்து இறங்கியிருந்தான். கடற்கரையில் பிறந்தும் வள்ளத்தில் ஏறாதவன். பந்தடிக்காதவன். தாடிகூட வழிக்காதவன்.

"மச்சான், கத்தி பிள்ளைக்குத்தான், உனக்கில்லை. நடுங்காமல் இரு" என்றான் பிள்ளையின் தகப்பன் கஜீவன்.

சபை சிரித்தது. றஜிந்தனும் சிரித்தான். பிள்ளையின் துணியை விலக்கியதும் சிரிப்பை நிறுத்தினான்.

"அக்கா, உதென்ன தொடையிலை?"

"தூக்கிப் பிடிக்கிற இடமெல்லாம் உப்பிடித்தான் நீலம் பாயுது. நாவூறெண்டு அப்பா சொன்னவர்" என்றாள் பிள்ளையின் தாய் மதுரா.

"பிறந்த உடனை குதிக்காலிலை குத்தி ரத்தம் எடுத்தவையெல்லே? கெதியா நிண்டதோ?"

"எங்கை? விடியுமட்டும் கசிஞ்சது. ஊறுற ரத்தமாம், நல்லதாம்."

சலூன்காரர் புது பிளேட்டைப் பூட்டினார்.

றஜிந்தன் பிள்ளையை அணைத்தபடி எழும்பினான்.

"ஒருதரும் கத்தி வைக்கக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"டேய், சபையிலை என்ரை மானத்தை வாங்காதை. இரடா!" என்று தில்லைநாதர் கத்தினார்.

"உவனுக்குத் தலை சுத்துது போலை, மாமா. ஆராவது ஒரு சோடா உடைச்சுக் குடுங்கோ" என்றான் கஜீவன்.

சோடா வருவதற்குள் றஜிந்தன் ஓட்டோவில் ஏறிவிட்டான். மதுராவும் ஓடிப்போய் ஏறினாள். தில்லைநாதரும் கஜீவனும் மோட்டார் சைக்கிளில் துரத்தினார்கள். நால்வரும் ஒரே டொக்டருக்கு முன்னால் போய் நின்றார்கள்.

டொக்டர் பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல நேரம் கொண்டுவந்தீர்கள் என்றார். பிறகு கேட்டார்:

"தாயின்ரை பக்கத்திலை ஆருக்கும் ரத்தம் உறையாத வருத்தம் இருக்கோ? பிள்ளை பிறக்கேக்கை இல்லையெண்டு சொல்லியிருக்கிறியள்."

"எங்கடை குடும்பத்திலையோ? ஒருதருக்கும் இல்லை" என்றார் தில்லைநாதர், கல்யாணப் பேச்சுகளில் சொல்லிப் பழகிய அதே கம்பீரத்தோடு.

றஜிந்தன் தோள்பையிலிருந்து ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தான். மட்டை கிழிந்த கொப்பி. எட்டு வயதிலிருந்து அவனுடைய பெயரில்.

கஜீவன் விரித்துப் பார்த்தான். பக்கத்துக்குப் பக்கம் ரத்தம் உறைய ஏற்றிய மருந்துக் கணக்கு.

"ஏன் மச்சான்... இவ்வளவு நாளும் நாங்கள் பகிடி பண்ணேக்கை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"அக்காவுக்கு உங்களைக் கலியாணம் பேசேக்கை அப்பா மறைக்கச் சொன்னவர். பிள்ளைக்கும் வருமெண்டு அக்காவுக்குத் தெரியாது. பிறகு தங்கச்சி தாரிகாவுக்கும் பேசவேணுமெல்லே? வருத்தக்காரன்ரை தங்கச்சி எண்டால் கலியாணம் குழம்பும், அத்தான். பயந்தாங்கொள்ளியின்ரை தங்கச்சி எண்டால் குழம்பாது."

தில்லைநாதர் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனையில் பிள்ளைக்கும் அதே வருத்தம் என்று தெரிந்தது. வைத்தியம் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தரகர் வந்து தாரிகாவின் சாதகக் குறிப்பைக் கேட்டார். தில்லைநாதர், தாய்வழியாய் வரும் அந்த வருத்தத்துக்கு அவளுக்கு எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்துக் குத்திக் கொடுத்தார்.