கைகுலுக்குற மவுஸ்

லோகநாதன் மவுஸைக் கண்ணாடி மேசைமேல் டொக்கென்று வைத்தான்.

ஒரு மாசத்துக்கு முன்னால் இதே கடையில் வாங்கியது. கிழக்குத் தாம்பரத்தில் இந்த மாதிரி மவுஸ் இங்கேதான் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, கேளம்பாக்கத்தில் வேலை முடிந்த கையோடு வந்து வாங்கினான். மற்ற மவுஸ் மாதிரி படுத்துக் கிடக்காது, நிமிர்ந்து நிற்கும். பிடித்தால் யாருக்கோ கைகொடுப்பது போல இருக்கும். மணிக்கட்டு முறுக்காது, வலி வராது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

மனைவிக்கு வலி போகவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

பொறுமை என்பது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. எங்கே போனாலும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டுதான் நிற்பான். வண்டிச் சாவியை அவன் விரலில் சுற்றிய சுற்றில், பில் போட வந்தவர்களுக்கே தலை சுற்றியது.

ஆனால் இன்றைக்கு அவனைப் படுத்தியது அவசரம் இல்லை, பயம். அவன் மனைவி உதயா சேலையூர் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ அமெரிக்க இன்ஷூரன்ஸ் தாள்களைச் சரிபார்க்கிறாள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் கிளிக், கிளிக். போன வாரம் ஈரத் துண்டைப் பிழிய முடியாமல் வாளியிலேயே போட்டுவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். இந்த மாசத்துக்குள் வலி குறையாவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆபரேஷன் என்றால் ரெண்டு மாசம் வேலை செய்ய முடியாது. அதுவரை ஆபீஸ் காத்திருக்காது. அந்த வேலை அவளுக்கு உயிர்.

கடைப் பெண்ணின் பெயர் ரேஷ்மா. சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. போன தடவை மனைவியின் கை அளவு என்ன என்று கேட்டவள் இவள்தான். அவனுக்குத் தெரிந்தது வளையல் அளவு. டூ ஃபோர் என்று சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்னதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது அவள் சிரிக்கவில்லை. மவுஸைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஓரமாக நகத்தால் சுரண்டினாள்.

“சார், இதை யூஸே பண்ணலையே. அடியில ஒட்டியிருக்கிற பேப்பரைக்கூட உரிக்கல.”

லோகநாதனுக்குச் சுருக்கென்றது.

தினம் ஏழு மணிக்கு அவன் வீட்டுக்குள் நுழையும்போது உதயாவின் கை அந்த மவுஸ் மேல்தான் இருக்கும். ரெண்டு கண்ணால் பார்க்கிறேன், நான் என்ன புளுகனா என்று எகிறினான். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டுப் பழியை வாங்கினவன் மேலேயே போடுகிறாயா என்று கேட்டான். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்து, விஷயம் என்னவென்றே கேட்காமல், கஸ்டமரிடம் இப்படித்தான் பேசுவாயா என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். ஹெட்போன் பார்த்துக்கொண்டிருந்த ரெண்டு பேர் திரும்பி நின்றார்கள்.

ஆள் சேர்ந்ததும் லோகநாதனுக்கு இன்னும் ஏறிக்கொண்டது. ஊருக்கே கேட்கட்டும் என்று உதயாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, மேசை நடுவில் வைத்தான். இந்த மவுஸை நீ தொட்டதே இல்லை என்று கடைப் பொண்ணு சாதிக்கிறாள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறாய் என்று நீயே சொல்லு என்றான். இவளை வேலையை விட்டு அனுப்பாமல் நான் இங்கேயிருந்து நகர மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டான்.

போனில் கிளிக், கிளிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது.

“பாவங்க, அந்தப் பொண்ண விட்டுடுங்க. அது ரைட் ஹேண்ட் மவுஸு. நான் லெஃப்ட்லதான் வேலை செய்றேன். வலிக்கிறதும் லெஃப்ட்தான். உங்க வண்டிச் சத்தம் கேட்டா கையை மாத்திக்குவேன்.”

பதினோரு வருஷம் இருக்கும். கல்யாணமான புதிதில் சொந்தக்காரர்களுக்கு வைத்த விருந்து. லோகநாதனின் பெரியப்பா இலையில் உதயா இடது கையால் அப்பளத்தை வைத்தாள். பெரியப்பா இலையை மடித்துவிட்டு எழுந்துபோனார். லோகநாதன் அவளை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், இனிமேல் அந்தக் கை என் கண்ணில் படக்கூடாது என்றான். ஏதோ ஆத்திரத்தில் சொன்னது. பாத்திரம் கழுவி வைப்பதற்குள் அவன் மறந்துவிட்டான்.

அவள் மறக்கவில்லை. எந்தக் கை வலிக்கிறது என்று அவனும் இத்தனை நாளில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ரேஷ்மாவைப் பார்க்க முடியாமல் மேசைக்குள் வரிசையாக இருந்த மவுஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும்.

அவன் பேசாமல் இருந்ததைப் போனில் இருந்தவள் கோபம் என்று நினைத்துவிட்டாள் போல. கோவிச்சுக்காதீங்க, இந்த மாசத்துக்குள்ள எப்படியாவது ரைட்டுக்குப் பழகிடுறேன் என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் உதயா.