ஆறு புள்ளி ஏழு நான்கு

கைக்கு அடக்கமான ஒரு ரத்தப் பரிசோதனைக் கருவி டயாலிசிஸ் வார்டுக்கு வந்து சேர்ந்தது. கீழ்த்தளத்து லேபில் இருந்த பெரிய மெஷினுக்கு அது பிடிக்கவே இல்லை.

"டேய் பொடியா, ஒரே ரத்தத்தை ரெண்டு பேரும் பார்ப்போம். என் கணக்கோட ஒத்துப்போனாதான் உனக்கு இங்க வேலை" என்று கீழிருந்தே அதட்டியது.

"சரிங்கண்ணே" என்றது கருவி.

அன்று டயாலிசிஸ் நோயாளி அருளப்பன் தள்ளாடிக்கொண்டே வந்தார். வெயில் தாங்காமல் வழியில் இரண்டு இளநீர் குடித்திருந்தார். சிறுநீரகம் பழுதானவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம்.

கருவி ஒரு சொட்டு ரத்தத்தை ருசி பார்த்தது. "பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு! சீக்கிரம்!" என்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்தார். பக்கத்தில் நின்ற டயாலிசிஸ் மெஷின் மறுபேச்சில்லாமல் அவர் ரத்தத்தைச் சுத்திகரிக்க ஆரம்பித்தது.

லேபுக்குப் போன ரத்தம் வரிசையில் காத்துக் கிடந்தது. பெரிய மெஷின் தன்னைக் கழுவிக்கொண்டது, அளவுகளைச் சரிபார்த்தது, ஒருமுறைக்கு இருமுறை சோதித்தது. அருளப்பன் தெளிவாக எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தபோது கீழிருந்து வெற்றிக் குரல் கேட்டது.

"ஆறு புள்ளி ஏழு நாலு! பொடியன் சொன்னது தப்பு!"

கருவி தலைகுனிந்தது. டயாலிசிஸ் மெஷின் தன் கழிவுக் குழாயை உதறிக்கொண்டே பதில் சொன்னது:

"உங்க கணக்கு ரொம்பச் சரிங்கண்ணே. ஆனா நீங்க சொல்ற பொட்டாசியம் சாக்கடைக்குப் போயே ரொம்ப நேரமாச்சு."